பெட்டி கேக் மிக்ஸ்: பதத்தில் குறையில்லை, சுவையில்தான் வேலை இருக்கிறது

அமெரிக்க மளிகைக் கடைகளில் மைதாவும் சர்க்கரையும் அடுக்கியிருக்கும் வரிசையிலேயே கேக் மிக்ஸ் பெட்டிகளும் இருக்கும். பெட்டி கிராக்கர் (Betty Crocker), டங்கன் ஹைன்ஸ், பில்ஸ்பரி என்ற மூன்று பெயர்கள் அந்த அலமாரியின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தையின் பிறந்தநாளுக்கும், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கும், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கும் பல நேரங்களில் கைகொடுப்பது இந்தப் பெட்டிதான். ஆனால் பெட்டியின் முதுகில் அச்சிட்டிருக்கும் செய்முறையை அப்படியே பின்பற்றிச் செய்த கேக்கைச் சாப்பிட்டவர்களுக்கு அதன் குறையும் தெரிந்திருக்கும்: பஞ்சு போல இருக்கிறது, இனிக்கிறது, அதற்கு மேல் நாவில் எதுவும் தங்குவதில்லை. மஞ்சள், வெள்ளை, சாக்லேட் என்ற மூன்று அடிப்படை வகைகளையும், அவற்றோடு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும் முறைகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேக்கின் பதத்தைப் பொறுத்தவரை இந்தப் பெட்டிகள் மிக நேர்த்தியாகத் தயாரிக்கப்பட்டவை, அதில் நாம் கைவைக்க வேண்டியதில்லை. சுவைதான் நம் பொறுப்பு.

பதம் ஏன் இவ்வளவு நன்றாக அமைகிறது என்பதற்குக் காரணம் பெட்டியின் பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இடங்களில் சர்க்கரையும் மைதாவும் இருக்கும். மைதாவைவிடச் சர்க்கரை மிகுந்த மாவு சாதாரணமாக ஓவனில் எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிவிடும். அப்படி நேராமலிருக்க அமெரிக்க ஆலைகள் கேக் மைதாவைக் குளோரின் வாயுவால் பதப்படுத்துகின்றன. அதனால் மாவிலுள்ள ஸ்டார்ச் கூடுதல் நீரையும் சர்க்கரையையும் கொழுப்பையும் தாங்கும் தன்மை பெறுகிறது. (ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த முறைக்கு அனுமதி இல்லை.) எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்து, மாவை அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கும் மோனோகிளிசரைடு போன்ற பால்மமாக்கிகளும், வெவ்வேறு நேரங்களில் வேலை செய்யும் இரண்டு மூன்று வகை அமிலங்களும், அவற்றுக்கேற்ற அளவில் சமையல் சோடாவும் அதே பொடியில் கலந்திருக்கின்றன. வீட்டில் மைதாவும் வெண்ணெயும் கொண்டு முதலிலிருந்து செய்யும் கேக்கில் இந்த அளவு மென்மையை ஒவ்வொரு முறையும் தவறாமல் கொண்டுவருவது அனுபவசாலிகளுக்கும் எளிதன்று. ஆகவே பெட்டியை வாங்குபவர் சோம்பேறி என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இந்தப் பொருளின் வரலாற்றிலும் வீட்டுச் சமையலறைக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தின் டஃப் நிறுவனம் 1930களில், கரும்புச் சாற்றுப் பாகான மொலாசஸை மாவோடு சேர்த்து உலர்த்தி, நீர் மட்டும் விட்டால் போதும் என்ற வகையில் இஞ்சி கேக் பொடியை விற்றது. முட்டைப் பொடியும் அதிலேயே இருந்தது. அதே நிறுவனம் 1935இல் பெற்ற காப்புரிமையில், வீட்டார் புது முட்டையைத் தாமே சேர்ப்பதே நல்லது என்ற மாற்றம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெனரல் மில்ஸ் 1947இல் பெட்டி கிராக்கர் பெயரிலும், பில்ஸ்பரி 1948இலும், டங்கன் ஹைன்ஸ் 1951இலும் கேக் மிக்ஸ்களை வெளியிட்டன. இல்லத்தரசிகளின் குற்றவுணர்வைத் தணிக்க, உளவியலாளர் ஒருவரின் யோசனைப்படி முட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1935ஆம் ஆண்டுக் காப்புரிமை அந்தக் கதைக்கு வெகுகாலம் முந்தியது. முட்டைப் பொடியால் செய்த கேக்கைவிடப் புது முட்டையால் செய்தது சுவையாலும் பதத்தாலும் மேலானது என்பதே எளிய விளக்கம். பொடிக்கு வெளியே புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கேக் மேம்படும் என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அந்தச் சேர்க்கை முட்டையோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

பெட்டியின் செய்முறை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: ஏறத்தாழ ஒரு கப் நீர், அரை கப் எண்ணெய், மூன்று முட்டை, இரண்டு நிமிடம் அடித்து 350 பாரன்ஹீட் சூட்டில் வேகவைக்க வேண்டும். இவற்றில் நீருக்குச் சுவை இல்லை, எண்ணெய்க்கு மணம் இல்லை, வனிலா மணமோ பெரும்பாலும் செயற்கை வனிலின். கேக்கின் சுவைக் குறை முழுவதும் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது. தீர்வையும் அங்கேயே தேட வேண்டும்.

மிகச் சிறிய மாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். பொடியில் உப்பு இருக்கவே செய்கிறது. ஆனால் சர்க்கரை இருக்கும் அளவுக்கு அந்த உப்பு ஈடுகொடுப்பதில்லை. கால் தேக்கரண்டி தூளுப்பைச் சேர்த்தால், கேக் உப்புக் கரிக்காது; இனிப்பு தெளிவடைகிறது, முட்டையின் மணமும் வனிலாவின் மணமும் தனித்தனியாகத் தெரிகின்றன. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடும் வழக்கமுள்ள வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சோடியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம், ஏனென்றால் பொடியிலுள்ள சோடாவாலும் பாஸ்பேட் உப்புகளாலும் சோடியம் ஏற்கெனவே கணிசமாகவே இருக்கிறது. அடுத்ததாக ஒரு தேக்கரண்டி உண்மையான வனிலா எசென்ஸ். பெட்டியின் வனிலின் மணம் மூக்கில் படும்போது பலமாக இருந்து, விழுங்கியதும் மறைந்துவிடும். காயிலிருந்து எடுத்த எசென்ஸில் பல மணப்பொருள்கள் சேர்ந்திருப்பதால் அது சற்று நேரம் நிற்கிறது. விலை கூடுதல்தான் என்றாலும், ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் அந்தச் செலவுக்குப் பழுதில்லை.

உண்மையான வேறுபாட்டைக் காட்டுவது நீரை மாற்றும்போதுதான். ஒரு கப் நீருக்குப் பதில் அதே அளவு கொழுப்பு நீக்காத பாலை விட்டால், பாலின் புரதமும் லாக்டோஸும் ஓவன் சூட்டில் நிறமெடுத்து, மேற்பரப்பு பொன்னிறமாகிறது. உள்ளேயும் சுவை கனத்துத் தெரிகிறது. இந்த மாற்றத்தால் கேக் கெடுவதற்கு வாய்ப்பே இல்லை என்பதால், முதன்முதலாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். அதைவிட ஒரு படி மேலானது தயிர். அரை கப் கெட்டித் தயிரை அரை கப் பாலோடு கட்டியில்லாமல் கடைந்து நீருக்குப் பதிலாக விட வேண்டும். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும். தயிரின் மெல்லிய புளிப்பு பெட்டியின் மிகையான இனிப்பைச் சமன்படுத்துகிறது, வெந்த கேக் ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகளில் இந்த இடத்தில் சவர் கிரீமோ (புளிக்கவைத்த பாலேடு) பட்டர்மில்க்கோ வரும். இங்கே விற்கும் பட்டர்மில்க் என்பது பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டியான பானம். நாம் வீட்டில் பெருக்கும் நீர்மோரை அதற்கு ஈடாக வைத்தால் பலன் கிடைக்காது. தயிரைக் கடைந்து நீர் அதிகம் சேர்க்காமல் பயன்படுத்தினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பொடியிலுள்ள சோடா, பொடியிலுள்ள அமிலத்துக்காகவே அளந்து வைக்கப்பட்டது. அரை கப் தயிர் அந்தக் கணக்கைக் குலைப்பதில்லை. ஒரு கப் முழுவதையும் புளித்த தயிராகவே விடுபவர்கள் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. மிகப் புளித்த தயிரை இட்லிக்கும் மோர்க்குழம்புக்கும் விட்டுவிடுங்கள், கேக்குக்கு முந்தைய நாள் உறைந்ததே போதும்.

எண்ணெயை முற்றிலும் நீக்கி உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் கடையில் வாங்கியதுபோல வரும் என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. அதை நான் பாதி மட்டுமே ஏற்கிறேன். அமெரிக்க வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதமே கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு நீர். மணம் நிச்சயம் கூடுகிறது. ஆனால் வெண்ணெய் குளிர்ந்தால் இறுகும் கொழுப்பு, எண்ணெய் குளிர்ந்தாலும் திரவமாகவே இருக்கும். ஆகவே வெண்ணெய் மட்டும் சேர்த்த கேக் ஓவனிலிருந்து வந்த அன்று அருமையாக இருந்து, கிரீம் பூசிக் குளிர்பெட்டியில் வைத்தபின் கட்டியாகிவிடுகிறது. பெட்டி கேக்கின் மிகப் பெரிய பலமே மென்மைதான். அதை விட்டுக்கொடுத்து மணத்தை வாங்க வேண்டியதில்லை. பாதி எண்ணெய், பாதி உருக்கிய வெண்ணெய் என்று கலந்தால் இரண்டும் கிடைக்கின்றன. வெண்ணெயை அடிப்பகுதி பழுப்பாகும்வரை, நெய் காய்ச்சும் பதத்துக்குச் சற்று முன்னதாக இறக்கிச் சேர்த்தால் மஞ்சள் கேக்குக்கு ஒரு தனி மணம் வருகிறது. சுத்தமான நெய்யை இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் சேர்க்காதீர்கள், அதற்கு மேல் போனால் கேக் மைசூர்பாகின் வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

முட்டையைப் பொறுத்தவரை, மூன்று முட்டையோடு ஒரு மஞ்சள் கருவை மட்டும் கூடுதலாகச் சேர்ப்பதே என் பரிந்துரை. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற இயற்கைப் பால்மமாக்கியும் கொழுப்பும் உட்பகுதியை வழுவழுப்பாக்குகின்றன. நான்காவது முட்டையை முழுதாகவே போட்டால் வெள்ளைக் கருவின் புரதம் சேர்ந்து கேக் சற்று விறைப்பாகவும் உலர்ந்தும் வருகிறது.

சாக்லேட் வகைக்கு வருவோம். 'டெவில்ஸ் ஃபுட்' என்ற பெயரில் விற்கும் கருஞ்சாக்லேட் கேக் மிக்ஸ்தான் மொத்த அலமாரியிலும் எனக்குப் பிடித்தது, சேர்க்கைகளால் மிக அதிகமாகப் பயன்பெறுவதும் அதுவே. இதற்கு நம் வீட்டு ஃபில்டர் காபி டிகாஷனைவிடச் சிறந்த துணை இல்லை. முதல் டிகாஷன் கால் கப், வெந்நீர் முக்கால் கப் என்று கலந்து, பெட்டி கேட்கும் நீரின் இடத்தில் விட வேண்டும். காபியின் கசப்பும் வறுத்த மணமும் கோகோவின் அதே குணங்களை எடுத்துக்காட்டுகின்றன. இந்த அளவில், சாப்பிடுபவருக்குக் காபி தெரியாது, சாக்லேட் ஆழமாகத் தெரியும். சிக்கரி கலந்த தூளானாலும் பாதகமில்லை, அதன் கசப்பு கோகோவோடு பொருந்திப்போகிறது. அதற்கு மேலும் வேண்டுமானால் இரண்டு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ தூளைச் சூடான டிகாஷனிலேயே கரைத்து ஐந்து நிமிடம் வைத்திருங்கள். சூட்டில் ஊறிய கோகோவின் மணம் பொடியாகத் தூவியதைவிடப் பன்மடங்கு வெளிப்படும். அந்தக் கரைசல் கைச்சூட்டுக்கு ஆறிய பின்பே முட்டையோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முட்டை ஆங்காங்கே வெந்து திரிந்துவிடும். மாலை விருந்தில் சிறு குழந்தைகள் இருந்தால் டிகாஷனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். தயிர்ச் சேர்க்கையும் இந்த வகைக்குப் பொருந்தும்: நீரில் அரை கப்பைக் குறைத்து அரை கப் தயிர் விட்டு, மீதி அரை கப்பை டிகாஷன் கலவையாக விட்டால் வரும் கேக், நல்ல பேக்கரி ஒன்றில் துண்டு போட்டு விற்கும் சாக்லேட் கேக்குக்கு எந்த வகையிலும் இளைத்ததன்று.

மஞ்சள் கேக்கின் மஞ்சள் நிறத்தைக் கண்டு அதில் முட்டைச் சுவை மிகுந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்த நிறத்தில் பெரும்பங்கு பொடியில் சேர்த்தது. அதன் சுவை மிக மெல்லியதாக இருப்பதே நமக்கு வசதி, எந்த மணத்தைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஏலக்காயை வாங்கிவைத்த தூளாகச் சேர்க்காமல், எட்டுப் பத்து காய்களின் விதையை அப்போதே இடித்துச் சேர்த்தால் பலன் பலமடங்கு. வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூவும் அதனோடு சேர்ந்தால், மேலே கிரீம் எதுவும் இல்லாமலே பண்டிகைத் தட்டில் வைக்கலாம். ஆரஞ்சுத் தோலின் மேற்புறத்தை மட்டும் துருவி, இரண்டு கரண்டி கேக் பொடியோடு விரலால் தேய்த்துவிட்டு மீதிப் பொடியில் கலப்பது மற்றொரு வழி. பொடியிலுள்ள சர்க்கரை உரசித் தோலின் எண்ணெயை வெளிக்கொணர்கிறது. தோலின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கலந்தால் கசக்கும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

வெள்ளை கேக் மிக்ஸ் தனியாக நின்றால் மூன்றிலும் பலவீனமானது. ஆனால் வீட்டிலிருந்தபடியே திருமண கேக் செய்துகொடுக்கும் அமெரிக்கப் பெண்கள் பலர் பல்லாண்டுகளாக நம்புவது இதையேதான். ஒரு பெட்டியோடு ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் சவர் கிரீம், சிறிது உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வனிலாவோடு ஆல்மண்ட் (பாதாம்) எசென்ஸும் விடுவார்கள். மாவும் சர்க்கரையும் கூடுவதால் கேக் சற்றுக் கனத்து, அடுக்கினாலும் வெட்டினாலும் உதிராமல் நிற்கும். ஆல்மண்ட் மணமோ அமெரிக்கத் திருமண கேக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்த எசென்ஸ் மிக வீரியமானது, முதல் முறை அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண் வடிவிலோ பொம்மை வடிவிலோ கேக்கை வெட்டி அமைக்க விரும்பும் பெற்றோருக்கு இந்த முறையை உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் வெறும் பெட்டி கேக் அந்த வேலைக்கு மிகவும் மென்மையானது.

வாங்குபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது எடை. முன்பு வழக்கமாக 18.25 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 517 கிராம் இருந்த பெட்டி, பின்னர் 15.25 அவுன்ஸாகக் குறைந்தது; அண்மை ஆண்டுகளில் சில பெட்டிகள் 13.25 அவுன்ஸுக்கு, அதாவது 375 கிராமுக்கு இறங்கிவிட்டன. பழைய பெட்டியை அடிப்படையாக வைத்து எழுதிய குடும்பச் செய்முறைகளும் கோயில் மலர்களில் அச்சான குறிப்புகளும் இதனால் பிசகுகின்றன: தயிரும் வெண்ணெயும் பழைய அளவிலேயே இருக்க, தாங்கும் பொடி மட்டும் குறைந்துவிடுவதால் கேக் நடுவில் வேகாமல் களிபோல நிற்கிறது. பழைய குறிப்பைப் பின்பற்றுபவர்கள் சமையலறைத் தராசில் பொடியை எடைபோட்டு, குறையும் அளவை இரண்டாவது பெட்டியிலிருந்து எடுத்து நிரப்புவதே சரியான வழி. மீதிப் பொடியை காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். நான் மேலே கொடுத்திருக்கும் அளவுகள் 15.25 அவுன்ஸ் பெட்டிக்கு உரியவை. சிறிய பெட்டிக்கு நீர்மப் பொருள்களைப் பெட்டி சொல்லும் அளவுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்ஸ்டன்ட் புட்டிங் பொடியை ஒரு பாக்கெட் சேர்ப்பது இன்னொரு புகழ்பெற்ற முறை. அதிலுள்ள, முன்னரே வேகவைத்து உலர்த்திய ஸ்டார்ச் நீரைப் பிடித்துவைப்பதால் கேக் ஈரமாகவே இருக்கும் என்பது உண்மை. என்றாலும் இனிப்பும் செயற்கை மணமும் கூடுகின்றன. தயிர் இருக்கும் வீட்டில் அதற்குத் தேவை இல்லை. மயோனைஸ் என்பது எண்ணெயும் முட்டையும் வினிகரும்தான் என்பதால் அதுவும் வேலை செய்கிறது, ஆனால் நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பூண்டோ கடுகோ சேர்ந்த வகைகளைக் கேக்குக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: மூன்று முட்டைக்குப் பதில் முக்கால் கப் கெட்டித் தயிர், மற்றவை பெட்டி சொல்வது போல. கேக் எழும்பும், சுவையும் நன்று. ஆனால் முட்டை சேர்த்ததைவிட அடர்த்தியாக இருக்கும், வெட்டும்போது ஓரங்கள் சற்று உதிரும். அதனால் பெரிய வட்ட டின்னைவிட, கப் கேக்காகவோ தட்டையான செவ்வக டின்னிலோ செய்வது நல்லது. சாக்லேட் வகை இந்த மாற்றத்தை மஞ்சள் வகையைவிட நன்றாகத் தாங்குகிறது. இந்தியாவில் குக்கரிலேயே செய்யும்படி விற்கும் முட்டையில்லாப் பெட்டிகளுக்குப் பாலும் உப்பும் ஏலக்காயும் மட்டும் பொருந்தும். முட்டையின் உதவியில்லாமல் நிற்கும்படி அளந்த பொடி என்பதால் தயிரை அரை கப் அளவுக்கு அதில் விட்டுப் பார்க்க வேண்டாம்.

என்ன சேர்த்தாலும் மாவை அடிக்கும் இரண்டு நிமிடத்தைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம், பால்மமாக்கிகள் காற்றைப் பிடிப்பது அந்த நேரத்தில்தான். பாலோ தயிரோ சேர்த்த கேக்கின் மேற்புறம் விரைவில் நிறமெடுக்கும், உள்ளே வேக ஐந்து நிமிடமாவது கூடுதலாகும். ஆகவே நிறத்தை நம்பாமல் பல்குச்சியால் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். கருநிற டின்னைப் பயன்படுத்துபவர்கள் சூட்டை 325 பாரன்ஹீட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை மாவைக் குழந்தைகள் கிண்ணத்திலிருந்து வழித்துச் சாப்பிடுவதை அனுமதிக்காதீர்கள். முட்டை மட்டுமே காரணமன்று, மைதாவும் வேகாத பொருளே. 2021இல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமித் தொற்று ஒன்றைக் கேக் மிக்ஸோடு தொடர்புபடுத்தி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்திருக்கிறது.

வாங்குவதானால் டெவில்ஸ் ஃபுட் முதலில், மஞ்சள் இரண்டாவது, வெள்ளை மூன்றாவது. எலுமிச்சை வகையை நீரில் கால் பங்குக்குப் பதில் புதிதாகப் பிழிந்த சாறும் துருவிய தோலும் சேர்த்துத் தேற்றிவிடலாம். ஸ்ட்ராபெரி வகையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: அதன் செயற்கைப் பழ மணம் உப்பு, தயிர், வெண்ணெய் எதற்கும் அடங்குவதில்லை. ஸ்ட்ராபெரி கேக் கேட்கும் குழந்தைக்கு வெள்ளைப் பெட்டியை வாங்கி, பழத்தை நீர் வற்றக் காய்ச்சி ஆறவைத்த கூழை நீரின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்த்துச் செய்து கொடுங்கள். நிறம் பெட்டியின் படத்தில் இருப்பதுபோல அடர் இளஞ்சிவப்பாக வராது, பழத்தின் சுவை உண்மையாக இருக்கும்.